விசேட வலயத்தின் வேலி

ஒரு நாட்டின் எல்லையிலே வேலி போடுவதை நாம் அறிவோம். அந்த எல்லைக்கு உட்புறத்திலேயே, தன் சொந்த மக்கள் நினைத்தபடி உள்ளே வராதிருக்கும் பொருட்டு, மற்றுமொரு வேலியை ஓர் அரசாங்கம் போட்டதென்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். தென் சீனாவில், ஹொங்கொங்கை அடுத்துள்ள ஷென்சென் என்னும் இடத்தில், 1982-ஆம் ஆண்டிலே அத்தகைய வேலியொன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அதன் நீளம் 80 கிலோமீற்றருக்கு மேல். முட்கம்பி, காவலர் நடமாடுவதற்கான கற்பாதை, இடையிடையே சோதனைச் சாவடிகள் ஆகிய யாவும் அதற்கு இருந்தன. ஹொங்கொங்குடனான எல்லையை முதலாம் கோடு என்றும், இந்த உள்வேலியை இரண்டாம் கோடு என்றும் மக்கள் அழைத்தனர். சீனப் பிரசை ஒருவர் சீனாவின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குள் நுழைவதற்கு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியிருந்தது. அந்த வேலியை முற்றாக நீக்குவதற்கு 2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே சீன அரசாங்கம் அங்கீகாரம் அளித்தது. இடைப்பட்ட 36 ஆண்டுகளிலே அவ்வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் நிகழ்ந்தவற்றை ஆராய்வோமாயின், விசேட பொருளாதார வலயம் எனப்படுவது எவ்வாறு பிறக்கின்றது, எவ்வாறு முதுமையடைகின்றது என்பது நமக்கு ஓரளவு புலனாகும்.

விசேட பொருளாதார வலயம் என்பது யாது? சுங்கத் தீர்வை, வருமான வரி, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை, சில வேளைகளில் தொழிலாளர் பற்றிய சட்டம் ஆகியவற்றில், நாட்டின் ஏனைய பாகங்களுக்குரிய விதிகளிலிருந்து விலக்களிக்கப்பட்ட ஒரு நிலப்பகுதியே அது. மூலப்பொருள் தீர்வையின்றி உள்ளே வரும். பண்டமாக மாறித் தீர்வையின்றி வெளியே போகும். பிறநாட்டு முதலாளிக்கு வரிச்சலுகை கிடைக்கும். உள்நாட்டவருக்கு வேலை கிடைக்கும். அரசாங்கத்துக்கு அந்நியச் செலாவணி கிடைக்கும். ஏட்டளவிலே கணக்கு இவ்வளவுதான். ஆயின், இந்த விலக்கு எத்தனை காலத்துக்கு? வலயங்களை அமைக்கும் சட்டங்கள் எவ்வெவற்றைக் கொடுப்பதென்று விரிவாகச் சொல்லும். வலயம் என்றைக்குச் சாதாரண ஊராக மாறவேண்டும் என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று அயர்லாந்து தேசத்தின் மேற்குக் கரையில் உள்ளது. ஷனன் விமான நிலையம் ஒரு காலத்திலே அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்பும் இடமாக விளங்கியது. 1947-ஆம் ஆண்டிலே பிரெண்டன் ஓறீகன் என்பவர் பிரயாணிகளுக்காகத் தீர்வையற்ற கடையொன்றை அங்கே ஆரம்பித்தார். தூரப் பறக்கும் ஜெட் விமானங்கள் வரத் தொடங்கியதும், ஷனனில் இறங்கவேண்டிய தேவை குறைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. விமானங்கள் இறங்காவிட்டால் தொழிற்சாலைகளையாவது இறக்குவோம் என்று எண்ணி, 1959-இல் விமான நிலையத்தை ஒட்டித் தீர்வையற்ற கைத்தொழில் வலயத்தை அமைத்தனர். பிற்காலத்தில் ஷனனுக்கென இருந்த 10 வீத விசேட வரி ஐரோப்பிய விதிகளுக்கு இணங்க முடிவுக்கு வந்தது. அதற்குள், 2003-ஆம் ஆண்டிலே, அயர்லாந்து முழுவதற்குமான கம்பனி வரியே 12.5 வீதமாகிவிட்டது. வலயத்துக்கே உரியதாயிருந்த சலுகை ஏறக்குறைய நாட்டின் பொதுவழக்கமாயிற்று. ஷனன் அதனால் அழிந்துவிடவில்லை. விமானங்களை வாடகைக்கு விடும் வியாபாரம் அங்கே வேரூன்றியிருந்தது. அருகே ஒரு நகரமும் எழுந்திருந்தது. 1980-ஆம் ஆண்டிலே அந்த வலயத்தைப் பார்வையிட வந்த சீன உத்தியோகத்தர்களுள் ஒருவர், பின்னாளில் அந்நாட்டின் தலைவரான ஜியாங் செமின்.

சீனாவுக்கு அப்போது அவசரமான காரணம் ஒன்று இருந்தது. பாவோஆன் என்னும் மாவட்டத்திலிருந்து இளைஞர் பலர் இரவு வேளைகளிலே கடலில் நீந்தியும் ஆற்றைக் கடந்தும் ஹொங்கொங்குக்குத் தப்பியோடிக்கொண்டிருந்தனர். ஆற்றுக்கு அப்பாற் கிடைத்த கூலி இப்பாற் கிடைத்ததிலும் பன்மடங்கு. காவலை எத்துணை பலப்படுத்தினும் ஓட்டம் நிற்கவில்லை. குவாங்டொங் மாகாணத்தின் தலைவராயிருந்த சி சொங்சுன், தமது மாகாணத்துக்குக் கூடிய சுதந்திரம் வேண்டுமென்று 1979-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே மத்திய அரசாங்கத்திடம் கேட்டார். விசேட வலயம் என்ற பெயரை டெங் சியாவோபிங் எடுத்துக் கொடுத்தார் என்பர். பாவோஆன் மாவட்டம் அதே ஆண்டில் ஷென்சென் நகரமாக்கப்பட்டது. அதன் சனத்தொகை அப்போது 3 இலட்சத்துக்குச் சற்று அதிகம். 1980-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26-ஆந் திகதி விசேட வலயங்களுக்கான சட்டவிதிகள் அங்கீகாரம் பெற்றன. ஷென்சென், ஜூஹாய், ஷான்டோ, ஷியாமென் என வலயங்கள் நான்கு. ஷென்சென் வலயத்தின் பரப்பு 327.5 சதுர கிலோமீற்றர். நகரத்தின் முழுப் பரப்பில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கு. வருமான வரி 15 வீதம்.

வலயம் திறக்கப்படும் முன்னரே, ஷெகோ என்னும் கடற்கரைக் குன்றிலே ஒரு சிறு பரீட்சை நடைபெற்றது. ஹொங்கொங்கிலிருந்து இயங்கிய சீன அரசாங்கக் கம்பனியொன்றின் தலைவர் யுவான் கெங் அங்கே துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார். மண் ஏற்றும் தொழிலாளர்கள் நாளொன்றுக்கு இருபது முப்பது வண்டி மண்ணை மெத்தனமாக ஏற்றி வந்தனர். குறிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு வண்டிக்கும் 4 ஃபென் மேலதிகமாகக் கொடுப்போம் என்றார்கள். ஒரு யுவானில் நூறிலொரு பங்கே ஃபென். நம் நாட்டுச் சதக் கணக்கைப் போன்றது. வேலை பன்மடங்கு விரைந்தது. கூலியில் ஏற்றத்தாழ்வு உண்டாகின்றதென மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வர, 1980-ஆம் ஆண்டிலே அக்கொடுப்பனவு நிறுத்தப்பட்டது, வேலையும் தளர்ந்தது. விடயம் பெய்ஜிங்கில் உள்ள தலைவர்கள் வரை சென்று, மீண்டும் அனுமதி கிடைத்தது. நாலு சதப் பிரச்சினை ஒன்றைத் தீர்ப்பதற்கு ஒரு தேசத்தின் உச்சி வரை செல்லவேண்டியிருந்ததை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, வேலி எதற்காகப் போடப்பட்டது என்பதும் விளங்கும். தீர்வையற்ற பண்டங்கள் கள்ளமாக உள்நாட்டுக்குள் நழுவுவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை. வேலை தேடி வரும் கூட்டத்தை அளந்து விடுவது மற்றொன்று. இவற்றுக்கு மேலாக, புதிய கொள்கைகளையும் அது அடைத்து வைத்தது. பரீட்சை பிழைத்தால் சேதம் வேலியோடு நிற்கும்.

முதற் பத்தாண்டிலே அங்கு நடந்தவை பெரும்பாலும் எளிய வேலைகளே. ஹொங்கொங்கின் முதலாளிகள் துணி, பொம்மை, வானொலிப் பெட்டியின் உறுப்புகள் முதலானவற்றை அனுப்புவார்கள். இங்கே தைத்தும் பொருத்தியும் திருப்பி அனுப்புவார்கள். வடிவமைப்பும் விற்பனையும் இலாபத்தின் பெரும்பகுதியும் ஆற்றுக்கு அப்பாலே தங்கின. வலயம் இந்நிலையிலேயே நின்றிருந்தால், அதனைப் பற்றி இன்று பேச வேண்டிய தேவையிராது. உலகிலே பல வலயங்கள் இந்நிலையிலேயே நின்றுவிட்டன.

ஷென்செனின் போக்கை மாற்றிய காரியங்களுள் ஒன்று 1987-ஆம் ஆண்டு டிசெம்பர் 1-ஆந் திகதி நடைபெற்றது. சீனாவிலே நிலம் முழுவதும் அரசுக்கோ கூட்டுடைமைக்கோ உரியது. விற்பதும் குத்தகைக்கு விடுவதும் அரசியல் யாப்புக்கு முரண். அன்றைய தினம் ஷென்சென் அதிகாரிகள் 8,588 சதுர மீற்றர் நிலத்தின் பாவனை உரிமையைப் பகிரங்க ஏலத்திலே கூறினார்கள். 52 இலட்சத்து 50 ஆயிரம் யுவானுக்கு அது போயிற்று. அப்பொழுது அது சட்டவிரோதமே. ஆனால் ஐந்து மாதத்துக்குள், 1988-ஆம் ஆண்டு ஏப்பிரலில், சீனாவின் அரசியல் யாப்பே திருத்தப்பட்டது. வேலிக்குள்ளே செய்யப்பட்ட ஒரு காரியம் தேசம் முழுவதற்குமான சட்டமாயிற்று. சீன நகரங்கள் பலவற்றின் வருமானம் நில விற்பனையிலே தங்கியிருப்பதும், அதனால் விளைந்த கடன் தொல்லைகளும், இந்த ஏலத்தின் பேரப்பிள்ளைகள் என்று நான் கருதுகின்றேன். பரீட்சை வெற்றி பெற்றால் அதன் குறைகளும் கூடவே பரவும்.

வேலிக்குப் பின்னால் வேலை செய்தவர்கள் யார்? சிச்சுவான், ஹூனான், ஹூபெய் முதலிய மாகாணங்களின் கிராமத்து இளம்பெண்கள் அவர்களுட் பெருந்தொகையினர். அவர்கள் பிறந்த ஊரிலேதான் அவர்களுடைய குடும்பப் பதிவு இருக்கும். நகரத்திலே அவர்கள் தற்காலிக வாசிகள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் நோய்க்கு மருந்தும் ஊரோடு கட்டுண்டவை. தொழிற்சாலை விடுதியில் அடுக்குக் கட்டில்களில் உறங்கி, சில ஆண்டுகள் உழைத்து, திருமண வயதிலே ஊர் திரும்பவேண்டும் என்பதே எழுதாத விதி. 1993-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆந் திகதி, ஷென்சென் நகரத்தின் புறப்பகுதியிலிருந்த பொம்மைத் தொழிற்சாலையொன்றிலே தீ மூண்டது. கதவுகள் பூட்டப்பட்டும் சன்னல்கள் கம்பியிடப்பட்டும் இருந்தன. 80-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இளம்பெண்கள். மறு ஆண்டு சீனாவின் தொழிற் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் இத்தீயின் வெளிச்சத்திலேயே அது வாசிக்கப்பட்டது.

இனி, வலயத்தின் நடுவயதைக் கவனிப்போம். 1984-இல் கரையோர நகரங்கள் 14 திறந்துவிடப்பட்டன. 1990-இல் ஷங்காயின் புடொங் பகுதி திறக்கப்பட்டது. 2001-இன் இறுதியில் சீனா உலக வர்த்தக அமைப்பிற் சேர்ந்தது. எல்லாரும் விசேடமானவர்கள் ஆகும்போது விசேடம் எங்கே? 2002-ஆம் ஆண்டின் முடிவிலே, ஷென்சென் கைவிடப்பட்டுவிட்டதா என்று கேட்கும் நீண்ட கட்டுரையொன்று நகரெங்கும் வாசிக்கப்பட்டது. பெரிய கம்பனிகள் ஷங்காய்க்குப் போகப் போகின்றன என்ற வதந்தியும் உலாவியது. மறு மாதம் நகர முதல்வர் அதனை எழுதிய இளைஞரை நேரிலே சந்தித்து உரையாடினார். ஓர் ஊர் தன் எதிர்காலத்தைப் பற்றி இவ்வாறு கவலைப்பட்டது நல்ல அறிகுறியே. 2008-ஆம் ஆண்டு தொடங்கி நாடு முழுவதற்கும் 25 வீதக் கம்பனி வரி நடைமுறைக்கு வந்தது. வலயத்தின் 15 வீதம் ஐந்தாண்டுகளிலே படிப்படியாக மறைந்தது. அதே ஆண்டிலே தொழில் ஒப்பந்தச் சட்டமும் வந்து, கூலிச் செலவு ஏறியது. குவாங்டொங் அரசாங்கம் கூண்டை ஒழித்துப் பறவையை மாற்றுதல் என்று பெயரிட்ட கொள்கையின்படி, மலிவான தொழிற்சாலைகளை வெளியே அனுப்பி, நுட்பத் தொழில்களை உள்ளே அழைத்தது.

சலுகை போனபின் ஷென்சென் நிலைத்ததற்கு, அங்கே சேர்ந்திருந்தவையே காரணம். ஷாங்பு என்ற மின்னணுத் தொழிற்பேட்டையிலே 1988-இல் ஒரு சந்தை திறக்கப்பட்டது. உதிரிப் பாகங்களை விற்கும் சிறு கடைகள் பெருகி, தொழிற்சாலைக் கட்டடங்களே அங்காடிகளாக மாறின. காலையில் ஒரு கருவியை எண்ணியவன், மாலைக்குள் அதன் உறுப்புகள் யாவற்றையும் நடந்தே வாங்கிவிடலாம். தீர்வை விலக்கு எங்கும் கொடுக்கலாம். இத்தகைய தெருவைச் சட்டத்தாற் படைக்க முடியாது. 1987-இல் தொலைபேசிக் கருவி வியாபாரமாகத் தொடங்கிய ஹூவாவி போன்ற உள்நாட்டுக் கம்பனிகள் வளர்ந்தமைக்கும் இதுவே மண். 2018-ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வக் கணக்குப்படி, ஷென்செனின் மொத்த உற்பத்தி ஹொங்கொங்கினதை விஞ்சியது. ஒரு காலத்திலே நீந்திக் கடந்த கரையை, நீந்தியவர்களின் ஊர் முந்திக்கொண்டது.

வேலியின் கதை என்னவாயிற்று? நகரம் வேலியைத் தாண்டி இருபுறமும் வளர்ந்தபின், காலையிலும் மாலையிலும் சோதனைச் சாவடிகளிலே வாகன நெரிசல் ஏற்படுத்துவதே அதன் தொழிலாயிற்று. உள்ளே ஒரு சட்டம், வெளியே ஒரு சட்டம் என்று ஒரே நகரம் இரண்டு விதிகளால் ஆளப்பட்டது. 2010-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆந் திகதி வலயம் நகரம் முழுவதற்கும் விரிக்கப்பட்டு, ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீற்றர் ஆயிற்று. காவலர் நடந்த கற்பாதையிலே இப்போது விடுமுறை நாட்களிற் குடும்பங்கள் உலாவுகின்றன.

இங்கே நமது தீவுக்கு வருவது பொருத்தமாகும். ஏனெனில் இத்துறையில் நாம் ஷென்செனுக்கு மூத்தவர்கள். 1978-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டத்தின்படி பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு நிறுவப்பட்டு, கட்டுநாயக்கவிலே முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. பின்னர் பியகமவிலும் கொக்கலவிலும் வலயங்கள் வந்தன. ஆடை தைக்கும் தொழிலே அவற்றுள் மேலோங்கியது. மேலைநாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு ஆடைதான் வாங்குவோம் என்று பங்கு வகுத்திருந்தன; தம் பங்கு தீர்ந்த ஹொங்கொங் முதலாளிகளுக்கு இலங்கையின் பங்கு தேவைப்பட்டது. 1992-இல் ஆணைக்குழு முதலீட்டுச் சபையாயிற்று. சலுகைகள் தீவு முழுவதற்கும் விரிந்தன. கிராமப்புறங்களில் 200 ஆடைத் தொழிற்சாலைகளை அமைக்கும் திட்டமும் தொடங்கியது. ஆக, நம் நாட்டிலும் சலுகை வேலியைத் தாண்டியது. 2005 ஜனவரியிலே அந்தப் பங்குமுறை ஒழிந்தபோது, சிறிய தொழிற்சாலைகள் பல மூடப்பட, நுட்பத்தையும் வாங்குவோர் நம்பிக்கையையும் சேர்த்து வைத்திருந்த உள்நாட்டுப் பெருங் கம்பனிகள் நின்றன. ஷென்செனின் பாடமும் இதுவே. ஆனால் ஆடையிலிருந்து அடுத்த தொழிலுக்கு நாம் தாவவில்லை. துணியும் நூலும் பொத்தானும் பெரும்பாலும் கடல் கடந்து வந்து, கடல் கடந்தே போயின; அயலிலே அத்தகைய ஒரு தெரு முளைக்கவில்லை. இதுவே நம் வலயத்தின் பெருங்குறை என்பது எனது அபிப்பிராயம்.

வேலை செய்வோர் நிலையில் இரண்டு இடங்களுக்கும் ஒற்றுமை அதிகம். கட்டுநாயக்கவைச் சுற்றியுள்ள வீடுகளின் பின்புறங்களிலே வரிசையாகக் கட்டப்பட்ட சிறு அறைகளில், தூரக் கிராமங்களின் பெண்கள் நெருக்கமாக வாடகைக்கு இருந்தார்கள். 2009-இல் யுத்தம் முடிந்தபின் வடக்கு கிழக்கிலிருந்து தமிழ்ப் பெண்களும் அவர்களோடு சேர்ந்தனர். வலயத்தின் ஏற்றுமதிக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் இவ்வறைகளின் கணக்கு அதில் வருவதில்லை. 2011-ஆம் ஆண்டு மே மாதத்திலே, தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்து இத்தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஓர் இளந்தொழிலாளி பலியானார். சட்டமூலம் மீளப் பெறப்பட்டது.

ஷென்செனிலே இவ்வறைகளுக்கு ஈடானவை நகரத்தினுட் சிக்கிய பழைய கிராமங்கள். ஆற்றோரத்திலே மீனவர் கிராமம் என்றொன்று உண்டு. படகிலே வாழ்ந்த குடும்பங்கள் கரையேறி அமைத்த சிற்றூர் அது. டெங் சியாவோபிங் 1984-ஆம் ஆண்டு ஜனவரியிலே அங்கே சென்று, வலயத்தால் ஏழை மீனவர் செல்வரானதற்கு அதனை உதாரணமாகப் பார்த்தார். அம்மீனவர்கள் பின்னர் தம் வீடுகளை இடித்து, பல மாடி கட்டி, வேலைக்கு வந்தோருக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டனர். ஏனைய கிராமங்களும் அவ்வாறே செய்தன. கட்டடங்கள் நெருங்கி, எதிரெதிர்ச் சன்னல்களிலிருந்து கைகுலுக்கிக் கொள்ளலாம் என்று சொல்லுமளவுக்கு ஆயின. அரசாங்கம் கட்டிக்கொடுக்காத தொழிலாளர் குடியிருப்பை இக்கிராமத்தவர் அனுமதியின்றிக் கட்டிக்கொடுத்தார்கள். மலிவான வாடகை இல்லாவிடில் மலிவான உழைப்பும் இல்லை.

2020-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஷென்செனின் சனத்தொகை 1 கோடியே 75 இலட்சத்துக்கு மேல். அவர்களிலே அந்நகரத்தின் குடும்பப் பதிவைப் பெற்றவர்கள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே. கம்பி வேலி போனது. பதிவேட்டு வேலி இருக்கின்றது. பாய்ஷிஜோ என்ற நகரக் கிராமத்திலே 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வரை வாடகைக்கு வாழ்ந்ததாகக் கணிக்கப்பட்டது. அதனை இடித்து உயர்மாடிகள் கட்டும் திட்டத்தின் பொருட்டு, 2019-ஆம் ஆண்டு கோடைகாலத்திலே குடியிருந்தோருக்கு வெளியேறுமாறு அறிவித்தல் வந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கு நட்டஈடு உண்டு. வாடகைக்காரருக்கு அத்தகைய உரிமை இல்லை. பெற்றோர் பலர் கேட்டது ஒன்றே: அயலிலுள்ள பாடசாலையிலே பிள்ளைகளுக்குக் கிடைத்த இடம் பறிபோகாதிருக்க, இன்னுஞ் சில மாதம் தவணை.